நிறுத்திப் பார்க்க ஒரு பெட்டி

ஹோமர் சிம்ப்சனும் அவனுடைய குடித்தோழன் பார்னியும் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். பின்னணியில் மூன்று ராட்சதத் தொட்டிகள். ஒன்றில் டஃப் என்றும், அடுத்ததில் டஃப் லைட் என்றும், மூன்றாவதில் டஃப் டிரை என்றும் எழுதியிருக்கிறது. மூன்றையும் நிரப்புவது மேலே ஓடும் ஒரே குழாய். இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேமரா நெருங்கிப் போய்க் காட்டுவதும் இல்லை. கண்ணில் பட்டவர் சிரித்துக்கொள்ளலாம். படாதவருக்காகப் படம் காத்திருக்காது.

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் பழைய எபிசோடுகளை இன்றைய அகலத் திரைக்குப் பொருத்துவதற்காகப் படத்தின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் வெட்டிவிட்டார்கள். வெட்டில் அந்தக் குழாய் போயிற்று. மிஞ்சியது மூன்று தொட்டிகள்தான். அந்தக் காட்சியைப் புதிதாகப் பார்த்தவருக்கு அங்கே ஒரு நகைச்சுவை இருந்ததே தெரிந்திருக்காது. ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 2020 மே மாதக் கடைசியில், பழைய சதுர வடிவிலும் பார்க்கலாம் என்று வசதி செய்து கொடுத்தார்கள். 2004 ஜூனில் அமெரிக்காவில் வெளியான நான்காம் சீசன் டிவிடி பெட்டியிலோ அந்தக் குழாய் வரைந்தவர்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

நான் இங்கே எழுத விரும்புவது அந்தப் பெட்டியைப் பற்றி. நான்கு டிஸ்க்குகள், 22 எபிசோடுகள். 1992 செப்டம்பர் முதல் 1993 மே வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானவை. ஒவ்வொரு எபிசோடுக்கும் அதை உருவாக்கியவர்களின் கமென்ட்ரி உண்டு. சில நீக்கப்பட்ட காட்சிகளும் இரண்டு சிறு ஆவணப்படங்களும் உண்டு. மறு ஒளிபரப்புகளில் கூடுதல் விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று கத்தரிக்கப்பட்ட நிமிடங்கள் இதில் திரும்ப வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் இவை மட்டும் ஒரு பெட்டியை உயர்ந்ததாக்கிவிடாது. இந்தத் தொடரின் நகைச்சுவை படச் சட்டத்துக்குள் எழுதப்பட்டது. எங்கே யார் நிற்கிறார்கள், பின்சுவரில் என்ன தொங்குகிறது, ஒரு முகம் எத்தனை நொடி அசையாமல் இருக்கிறது என்பதில்தான் அதன் உயிர். அதை முழுச் சட்டமாகப் பார்க்கவும், நிறுத்திப் பார்க்கவும், செய்தவர்களின் பேச்சோடு பார்க்கவும் இந்தப் பெட்டி வழிசெய்கிறது. இந்த மூன்றும் சேரும்போது ஒரு கார்ட்டூன் தொடர் நுணுகிக் கற்க வேண்டிய கலையாகத் தெரியத் தொடங்குகிறது.

மேட் க்ரோனிங் உருவாக்கிய இந்தக் குடும்பம் 1987-இல் 'தி ட்ரேசி உல்மன் ஷோ' நிகழ்ச்சிக்கு நடுவே வரும் சிறு துண்டுகளாகத்தான் பிறந்தது. 1989 டிசம்பரில் அரைமணி நேரத் தொடராயிற்று. முதல் சீசனின் கோடுகள் இன்னும் தத்தளிக்கின்றன. முகங்கள் ஒரு காட்சியில் நீண்டும் மறு காட்சியில் சுருங்கியும் போகும். நான்காம் சீசனுக்கு வரும்போது எழுத்தும் வரைவும் ஒன்றையொன்று புரிந்துகொண்டுவிட்டன. ஆல் ஜீன், மைக் ரீஸ் இருவரும் எழுத்தாளர் அறைக்குத் தலைமை. ஜார்ஜ் மேயர், ஜான் விட்டி, ஜெஃப் மார்ட்டின், கோனன் ஓ'பிரையன் எல்லாரும் அந்த அறையில் ஒரே நேரத்தில் இருந்த காலம் அது. அடுத்த சீசனுக்குள் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது.

இந்த சீசனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தொடரை வரைந்து கொடுத்துவந்த க்ளாஸ்கி சூப்போ நிறுவனத்திடமிருந்து ஃபிலிம் ரோமன் நிறுவனத்துக்கு வேலை கைமாறியது இந்த நேரத்தில்தான். முதல் இரண்டு எபிசோடுகள் பழைய நிறுவனம் முடித்துக் கொடுத்த மிச்சம். மூன்றாவதான 'ஹோமர் தி ஹெரெடிக்' ஃபிலிம் ரோமனின் முதல் வேலை. டிஸ்க்கில் இவற்றை அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது எபிசோடில் கோடு சற்றே இறுகுகிறது, உடல்களுக்குக் கனம் கூடுகிறது. பனி பெய்யும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட ஹோமர் உள்ளாடையோடு ஆடும் ஆட்டத்தில் தொப்பையின் ஒவ்வொரு குலுக்கலும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது.

எல்லாம் கையால் வரைந்தவை. கதைப்பலகையும் பாத்திரங்களின் முக்கிய நிலைகளும் லாஸ் ஏஞ்சலஸில் தயாராகும். எந்த ஓவியம் எத்தனை ஃபிரேமுக்கு நிற்க வேண்டும் என்ற நேரக் கணக்கும் அங்கேதான் எழுதப்படும். பிறகு கட்டுக்கட்டாகத் தென்கொரியாவுக்குப் போகும். இடைப்பட்ட அசைவுகளை அங்கே வரைவார்கள். கண்ணாடித்தாளில் வண்ணம் தீட்டிக் கேமராவில் எடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். 2002 வாக்கில்தான் தொடர் முழுமையாகக் கணினி வண்ணத்துக்கு மாறியது. அதனால் இந்தப் பெட்டியின் படத்தில் சிறு தூசிப் புள்ளிகள் தெரியும், நிறம் காட்சிக்குக் காட்சி லேசாக மாறும். எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. கை பட்ட இடம் தெரிகிறது, அவ்வளவுதான்.

பெட்டியில் எல்லாருக்கும் தெரிந்த எபிசோடு 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரயில்'. அணுக்கழிவைப் பூங்கா மரத்துக்குள் திணித்த அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் 30 லட்சம் டாலர் அபராதம் கட்டுகிறார். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று ஊர்க் கூட்டம். உடைந்து கிடக்கும் பிரதான சாலையைச் செப்பனிடலாம் என்கிறாள் ஹோமரின் மனைவி மார்ஜ். ஊரே ஒப்புக்கொள்ளும் நேரத்தில் லைல் லான்லி என்ற வெளியூர்க்காரன் எழுந்து ஒரு பாட்டைத் தொடங்குகிறான். பாட்டு முடியும்போது நகரம் மோனோரயில் வாங்கிவிட்டது. கோனன் ஓ'பிரையன் எழுதியது, ரிச் மூர் இயக்கியது. 'தி மியூசிக் மேன்' என்ற பழைய இசைநாடகத்தின் பகடி இது. அந்த நாடகத்தை அறியாதவரையும் இந்தப் பாட்டு பிடித்துக்கொள்ளும். ஏனென்றால் ஒரு கூட்டம் சந்தேகத்திலிருந்து வெறிக்குப் போகும் பாதையைச் சிறிது நேரத்துக்குள் அது காட்டிவிடுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும்: கூட்டத்தில் ஒவ்வொருவரும் வேறு வேறு கணத்தில் மயங்குகிறார்கள். யாருடைய தோள் முதலில் ஆடத் தொடங்குகிறது என்பதைக்கூட யோசித்து வரைந்திருக்கிறார்கள். எழுத்தாளன் எழுதாத, ஓவியன் மட்டுமே எழுதக்கூடிய வரி அது.

இதில் சிறப்பு விருந்தினராகக் குரல் கொடுக்க முதலில் 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் ஜார்ஜ் டகேயைத்தான் அழைத்தார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் பொதுப் போக்குவரத்து வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர் என்பதால் பொதுப் போக்குவரத்தைக் கேலி செய்யமாட்டேன் என்று மறுத்துவிட்டார். பிறகு வந்தவர் அதே தொடரின் லெனார்ட் நிமாய். டகே சொன்ன மறுப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நிமாயோ தன்னையே ஒரு பாத்திரமாக்கி, தன் புகழை லேசாக எடுத்து வைத்து விளையாடுகிறார். கட்டுப்பாடிழந்து ஓடும் ரயில் கடைசியில் ஒரு கடையின் ராட்சத டோனட்டில் நங்கூரம் மாட்டித்தான் நிற்கிறது. அதற்குப் பிறகும் இந்த ஊர் திருந்தவில்லை என்பதைக் காட்ட, எங்கும் போய்ச் சேராத ஒரு நகரும் படிக்கட்டு வானத்தை நோக்கி நிற்கிறது.

என் மனதில் இந்த சீசனின் உச்சம் மோனோரயில் இல்லை. அது 'லாஸ்ட் எக்ஸிட் டு ஸ்ப்ரிங்ஃபீல்டு'. ஜே கோகன், வாலஸ் வோலோடார்ஸ்கி எழுதி, மார்க் கிர்க்லண்ட் இயக்கி, 1993 மார்ச் 11 அன்று ஒளிபரப்பானது. அணுமின் நிலையத் தொழிலாளர்களின் பல் மருத்துவச் சலுகையை நீக்கப் பார்க்கிறார் பர்ன்ஸ். அதற்குப் பதிலாக ஒரு பீப்பாய் பீர் தருவதாகச் சொன்னதும் தொழிற்சங்கம் சம்மதித்து வரிசையில் நிற்கிறது. அதே நேரம் ஹோமரின் மகள் லிசாவின் பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு செய்தியையும் ஹோமர் இணைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணத் தொடரில் இது ஒரு நொடி வேலை. இங்கே, பல் சலுகை பற்றிக் கத்தும் நண்பனின் குரலும், லிசாவுக்குக் கம்பி வேண்டும் என்ற மார்ஜின் குரலும் அவன் தலைக்குள் மாறி மாறி, மாறி மாறி ஒலிக்கின்றன. ஹோமரின் முகத்தில் எதுவும் நடப்பதில்லை. மூன்றாவது தடவை சிரிப்பு வருகிறது, ஐந்தாவது தடவை பொறுமை போகிறது, அதற்கும் பிறகு முன்னைவிடப் பெரிதாகச் சிரிப்பு வருகிறது. மந்தமான ஒரு மனம் வேலை செய்வதை உள்ளேயிருந்து காட்டிய வேறொரு காட்சியை நான் எந்த நகைச்சுவைத் தொடரிலும் கண்டதில்லை. அந்த முகம் அசையாமல் நிற்பதுதான் அதன் வெற்றி. ஓர் ஓவியத்தை அசைக்காமல் விடும் துணிச்சல் வரைகலைஞர்களுக்கு எளிதில் வருவதல்ல.

அதே எபிசோடில் இன்னொன்று. பேச்சுவார்த்தைக்காக, சங்கத் தலைவனாகிவிட்ட ஹோமரைத் தன் மாளிகைக்கு வரவழைக்கிறார் பர்ன்ஸ். ஆயிரம் குரங்குகள் ஆயிரம் தட்டச்சு இயந்திரங்களில் உட்கார்ந்து உலகின் மாபெரும் நாவலை எழுதிக்கொண்டிருக்கும் அறையைக் காட்டுகிறார். ஹோமருக்கோ அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும். அவன் எழுந்து ஓடுவதை, விட்டுக்கொடுக்காத தலைவனின் தந்திரம் என்று பர்ன்ஸ் எடுத்துக்கொள்கிறார். வேலைநிறுத்தம் வெல்கிறது. ஹோமர் சங்கத் தலைமையை விட்டுவிட வேண்டும் என்பது பர்ன்ஸ் வைக்கும் ஒரே நிபந்தனை. அதைக் கேட்டு ஹோமர் மகிழ்ச்சியில் தரையில் படுத்து வட்டமாகச் சுழல்கிறான். இவன் நான் நினைத்த மேதை இல்லையோ என்று கிழவருக்கு அப்போதுதான் உறைக்கிறது. இவ்வளவு பகடிக்கும் நடுவே, மின்சாரம் துண்டிக்கப்பட்ட இரவில் தொழிலாளர்கள் கூடி நிற்க, லிசா கிடாரோடு பாடும் பாட்டு கேலியே இல்லாமல் உண்மையாக ஒலிக்கிறது. நகைச்சுவை தன் கையைச் சற்று விலக்கிக்கொள்ள வேண்டிய இடம் எது என்று இந்தக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. ஆல்ஃப் க்ளாசன் இந்தத் தொடருக்கு வாரந்தோறும் முழு வாத்தியக் குழுவை வைத்து இசையமைத்தவர். பின்னணிச் சிரிப்பொலி இல்லாத இந்தத் தொடரில் எங்கே சிரிக்கலாம், எங்கே நெகிழலாம் என்பதை அவருடைய இசைதான் மறைமுகமாகச் சொல்லித் தருகிறது.

நிறுத்திப் பார்ப்பது பற்றிச் சொன்னேன். அந்த வித்தையையே கதையாக்கிய எபிசோடும் இதே பெட்டியில் இருக்கிறது. 'ஐ லவ் லிசா'வில், காதலர் தினத்தன்று யாரிடமிருந்தும் வாழ்த்து அட்டை வராத ரால்ஃப் விக்கம் என்ற வெள்ளந்திப் பையனுக்கு லிசா பரிதாபப்பட்டு ஒரு அட்டை கொடுக்கிறாள். அவன் அதைக் காதல் என்று நம்பிவிடுகிறான். நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்லார் முன்னிலையிலும் லிசா பொறுமையிழந்து, உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லை என்று கத்திவிடுகிறாள். பிறகு வீட்டில், அந்தப் பதிவை அண்ணன் பார்ட் வீடியோவில் போட்டு, மெதுவாக ஓட்டி, ரால்ஃபின் இதயம் உடையும் நொடியைத் தன் தங்கைக்குத் துல்லியமாகக் காட்டுகிறான். ரால்ஃபின் முகம் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்குத் தளர்கிறது. கொடூரமான நகைச்சுவை அது. ஆனால் லிசாவின் கண்களையும் சட்டத்துக்குள் வைத்திருப்பதால், சிரித்தபடியே குற்றவுணர்வை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். வட்டக் கண்கள், ஒரு புள்ளிக் கருவிழி, ஒரு கோட்டு வாய். இவ்வளவு குறைந்த உறுப்புகளில் இவ்வளவு வலியைக் கொண்டுவர முடிகிறது. வீட்டு வீடியோ என்ற சாதனம் பார்வையை எப்படி மாற்றுகிறது என்பதை 1993-லேயே இதைச் செய்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். கடைப் பலகைகளிலும் செய்தித்தாள் தலைப்புகளிலும் அவர்கள் ஒளித்துவைத்த வரிகள் நிறுத்தினால் மட்டுமே படிக்கக்கூடியவை.

கமென்ட்ரி தடங்கள் ஒரே தரத்தில் இல்லை. சிலவற்றில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் மறிக்கிறார்கள்; சில நேரம் தாங்களே படத்தில் ஆழ்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கோனன் ஓ'பிரையன் பேசும் தடம் வேகமும் குதூகலமும் நிறைந்தது. என்றாலும் நான் காது தீட்டிக் கேட்பது இயக்குநர்கள் வாய் திறக்கும் இடங்களைத்தான். ஒரு கை ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது, கூட்டக் காட்சி எவ்வளவு வேலை வாங்கியது, எந்த நடையை யார் வரைந்தார் என்று டேவிட் சில்வர்மனோ ஜிம் ரியர்டனோ சொல்லும்போது, தச்சுப் பட்டறையில் நின்று இழைப்புளியின் ஓசை கேட்பதுபோல இருக்கும்.

சிறு ஆவணப்படங்களில் ஒன்று புஷ் குடும்பத்தோடு நடந்த உரசலைச் சொல்கிறது. தான் பார்த்ததிலேயே மிக மடத்தனமானது இந்தத் தொடர் என்று 1990-இல் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி பார்பரா புஷ் ஒரு பேட்டியில் சொன்னார். மார்ஜின் பெயரில் அவருக்கு ஒரு பணிவான கடிதம் போயிற்று. அவரும் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். 1992 தொடக்கத்தில் அதிபரே, அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்ஸைவிட வால்ட்டன்ஸ் என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் குடும்பம் போல இருக்க வேண்டும் என்று பேசினார். சில நாட்களுக்குள் புதிய முன்காட்சி ஒன்றைச் செய்து, நாங்களும் வால்ட்டன்ஸ் போலத்தான், பொருளாதார மந்தம் தீர வேண்டுகிறோம் என்று பார்ட்டைப் பேச வைத்தார்கள். கார்ட்டூன் குடும்பம் ஒன்று வெள்ளை மாளிகைக்கு அதே வாரம் பதில் சொன்ன வரலாறு அது.

இன்னொன்று நியூ ஆர்லியன்ஸ் விவகாரம். 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் மார்ஜ்' எபிசோடில், டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தை உள்ளூர்க் குழு இசைநாடகமாக்குகிறது. அதன் தொடக்கப் பாட்டு அந்த நகரத்தை மோசமாக வர்ணிக்கவே, ஒளிபரப்புக்கு முன்பே அங்கே கொந்தளிப்பு எழுந்தது. ஃபாக்ஸ் மன்னிப்புக் கேட்டது. அடுத்த வார எபிசோடின் தொடக்கத்தில் பார்ட் கரும்பலகையில், நியூ ஆர்லியன்ஸை இழிவுபடுத்தமாட்டேன் என்று எழுதிக்கொண்டிருந்தான். சர்ச்சையின் சத்தத்தில் எபிசோடின் நுட்பம் மறைந்துபோனது. மேடையில் கோபம் வராமல் தவிக்கும் மார்ஜ், தன் கணவனின் அலட்சியத்தை நினைத்ததும் ஆவேசமாகிறாள். நாடகத்தைப் பார்த்த ஹோமர், ஆச்சரியமாக, அதைப் புரிந்துகொள்கிறான். அவனுடைய தடுமாறிய சொற்களில் வரும் அந்தப் புரிதலைக் குரல் நடிகர் டான் காஸ்டெல்லனெட்டா ஒரு மிகையும் இல்லாமல் பேசியிருக்கிறார். இதே சீசனின் 'மிஸ்டர் ப்ளோ'வுக்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது. எனக்கு விருது கொடுக்கும் உரிமை இருந்திருந்தால் இந்தச் சில வரிகளுக்குக் கொடுத்திருப்பேன்.

இந்தியர் ஒருவர் இந்தப் பெட்டியைப் பார்க்கும்போது இந்தியக் கடைக்காரன் அப்புவைத் தாண்டிப் போக முடியாது. 'ஹோமர் தி ஹெரெடிக்' எபிசோடில் அப்பு தன் கடைக்குள் வைத்திருக்கும் பிள்ளையாரைப் பார்த்து, வேர்க்கடலை வேண்டுமா என்று கேட்கிறான் ஹோமர். என் கடவுளுக்குக் கடலை நீட்டாதே என்று அப்பு சொல்லும் பதிலில் ஒரு கண்ணியம் இருக்கிறது; கேலி ஹோமரின் அறியாமை மேல்தான் விழுகிறது. பின்னால் ஹோமரைத் தீயிலிருந்து காப்பாற்ற வருபவர்களில் அப்புவும் ஒருவன். ஆனாலும் அந்தப் பாத்திரத்தின் உச்சரிப்பு, வெள்ளைக்கார நடிகர் ஹேங்க் அசாரியா கேலிக்கென்று வடித்தது. அமெரிக்கப் பள்ளிகளில் எத்தனையோ இந்தியப் பிள்ளைகளை அது துரத்தியிருக்கிறது. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் எடுத்த ஆவணப்படம் அந்த வலியை வெளிப்படையாகப் பேசியது. 2020-இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். எழுத்து அப்புவுக்குத் தந்த மரியாதையைக் குரல் பறித்துக்கொண்டது என்பதே என் கருத்து. இந்த டிஸ்க்குகளில் இரண்டும் அப்படியே பதிந்து கிடக்கின்றன. அதைத் திருத்தி மறைக்காமல் வைத்திருப்பதையே நான் விரும்புகிறேன்.

22 எபிசோடும் ஒரே உயரத்தில் இல்லை. பழைய காட்சிகளை ஒட்டித் தைத்த 1993 ஏப்ரல் 1-ஆம் தேதி எபிசோடு செலவைச் சிக்கனம் செய்ய வந்தது, வேகமாக ஓட்டிவிடலாம். 'மார்ஜ் இன் செயின்ஸ்' நல்ல துணுக்குகளின் கூடை, கதையாகக் கூடவில்லை. 'தி ஃப்ரன்ட்' நீளம் போதாமல் போகவே கடைசியில் பக்கத்து வீட்டு நெட் ஃப்ளாண்டர்ஸ் பற்றிய ஒரு குட்டிக் காட்சியைச் சேர்த்தார்கள். அந்த ஒட்டுத்துண்டு எபிசோடைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

புதிதாக இந்தப் பெட்டியைத் திறப்பவர் வரிசைப்படி போக வேண்டியதில்லை. 'மிஸ்டர் ப்ளோ'வில் தொடங்குங்கள். அதற்கு முன்தகவல் எதுவும் தேவையில்லை. அடுத்து மோனோரயில், அதன் பிறகு 'ஐ லவ் லிசா'. 'லாஸ்ட் எக்ஸிட்'டை மட்டும் இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை பாருங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது வசனங்களின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, பர்ன்ஸின் மாளிகைக் காட்சியை ஓவியமாக மட்டும் ஓடவிடுங்கள். ஹோமர் நாற்காலியில் நெளிவதையும், எதிரே கிழவரின் விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக் கூம்புவதையும் வைத்தே கதை முழுவதும் விளங்கிவிடும்.